பூரணத்தின் செமிகோலன்

அக்டோபர் 14, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ஜெனிட்டா சொல்லிவிட்டுப் போனதால் இந்த நோட்டை ஆரம்பிக்கிறேன். பூரணம் என்ன தட்டுகிறாளோ அதை அப்படியே தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். முப்பத்தைந்து வருஷம் ஆங்கில ஆசிரியனாக இருந்து அடுத்தவன் நோட்டைத் திருத்திய எனக்கு இப்போது நோட்டு எழுதும் வேலை. பாடம் ஆங்கிலத்தில் நடத்தினாலும் டைரி எனக்குத் தமிழில்தான் வரும். கோபம் தமிழில்தான் சரியாக வருகிறது.

நிலவரம் இதுதான். என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இருபத்து நான்கு நாள் ஆகிறது. பிடித்துக்கொண்டால் நடக்கிறாள். சொல்வதெல்லாம் புரிகிறது. பேச்சு மட்டும் 'ம்'முக்கு மேல் வரவில்லை. எழுத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. காலண்டரைக் காட்டினால் கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். பேனா வலது கையிலிருந்து நழுவுகிறது. தட்டுவதற்குத் தெம்பு உண்டு, பிடிப்பதற்கு இல்லை.

"அம்மா டைப்பிஸ்ட்டுன்னு சொன்னீங்கள்ல சார்? கண்ணு மறந்தாலும் வெரலு மறக்காது. ஒரு கீபோர்டு குடுத்துப் பாருங்க" என்றாள் ஜெனிட்டா.

புனேயில் இருக்கும் எங்கள் மகள் எழிலரசி விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரைத் தூசு தட்டி வைத்தேன். கீபோர்டை மடியில் வைத்ததும் பூரணம் எட்டு விரல்களையும் வரிசையாகப் பதித்தாள். மூன்று எழுத்து தட்டினாள்: kio. மறுபடியும் kio. கையைச் சன்னல் பக்கம் ஆட்டினாள்.

குறுக்கெழுத்துப் போடுகிறவன் நான். கொடுத்த எழுத்துகளெல்லாம் உள்ளே வருகிற ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டுத் தரும் ஒரு தளம் என் போனில் எப்போதும் திறந்தே இருக்கும். கே, ஐ, ஓ என்று போட்டேன். நூற்றுக்கணக்கில் கொட்டியது. லுக்கிங்கா? குக்கிங்கா? புக்கிங்கா? கியாஸ்க்கா? ஒவ்வொன்றுக்கும் தலையை இடவலமாக ஆட்டினாள். அரை மணி நேரம் போயிற்று. அதற்குள் மாடிக் கொடியில் காயப்போட்ட வேட்டி, போர்வை எல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டன. எல்லா வேலையையும் ஒருத்தனே பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

அக்டோபர் 17, வியாழன்

காலையில் ராகிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளினாள். கீபோர்டைக் காட்டினாள். fhgp என்று தட்டினாள்.

எஃப், ஹெச், ஜி, பி நான்கும் வரும் சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உருப்படியானது ஃப்ளாக்‌ஷிப். கடற்படைத் தலைமைக் கப்பல். கஞ்சிக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? "ஃப்ளாக்‌ஷிப்பா?" என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சு பையன்கள் நான் திரும்பி நின்றதும் என் முதுகைப் பார்த்த பார்வை அது.

பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். "பூரணம், வவல் போடணும். ஏ, ஈ, ஐ, ஓ, யூ. வவல் இல்லாம இங்கிலீஷ்ல வார்த்தையே கெடையாது." அவள் fhgp என்று இன்னும் மூன்று தடவை தட்டினாள். மிச்சக் கஞ்சியை நானே குடித்தேன்.

அக்டோபர் 19

தோசைக் கல்லைவிட்டுத் தோசை வரவில்லை. நானும் விடவில்லை. மதியம் ஓட்டல் சாப்பாடு.

அக்டோபர் 22, செவ்வாய்

இன்று தட்டியது fjT. கடைசி எழுத்து மட்டும் பெரிது. எதைப் பெரிதாகப் போடுவது, எதைச் சிறிதாகப் போடுவது என்ற கணக்கே அவளுக்கு இல்லை.

எஃப், ஜே, டி. தளம் முதலில் கொடுத்த சொல் ஜஸ்டிஃபை. நியாயப்படுத்து.

கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எதை நியாயப்படுத்த வேண்டும்? அன்றைக்கு நடந்ததையா? டாக்டர் கேட்டபோதே சொல்லிவிட்டேன். காலை பதினொன்றரை மணிக்கு அவள் கையிலிருந்து சொம்பு விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. தெருமுனை டாக்டர் மூன்று மணிக்கு வந்துவிடுவாரே என்று இருந்தேன். அது ஒன்றுதான் பிசகு, அதை யாரும் செய்வார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நாலரை. "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசி போட்டிருக்கலாம்" என்றார் அங்கிருந்த டாக்டர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. பதினொன்றரை என்றேன். பதினொன்று என்றும் சொல்லலாம். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டா மனுஷன் உட்கார்ந்திருப்பான்?

"நான் என்ன ஜஸ்டிஃபை பண்ணணும்ங்கற?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். பூரணம் தலையில் அடித்துக்கொண்டாள். இடது கையால் என் தோளுக்குப் பின்னால் காட்டினாள். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. பூனை உள்ளே வந்து பால் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாலைத் துடைத்து முடிக்கும்போது இடுப்பு போய்விட்டது.

அக்டோபர் 26, சனி

ஜெனிட்டா இன்று வரவில்லை. நாங்களே உட்கார்ந்தோம்.

"இன்னைக்கு என்ன இங்கிலீஷ் வார்த்தை சொல்லப்போற?" என்று ஆரம்பித்தேன். கேட்டு வாய் மூடவில்லை, தட்டினாள்: jkpo; என்று. தட்டிவிட்டு மேசையை அறைந்தாள். மறுபடியும் jkpo; மறுபடியும் அறை. ஏழு தடவை.

கடைசியில் ஒரு செமிகோலன் வேறு. செமிகோலனை எங்கே போடுவது என்று நான் பாடம் நடத்திய ஆயிரக்கணக்கான பையன்களில் ஒருத்தனுக்கும் தெரிந்ததில்லை. தாலுகா ஆபீசில் டைப் அடித்தவளுக்கு எங்கே தெரியப்போகிறது? சுண்டுவிரல் தவறிப் பட்டிருக்கும் என்று அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜே, கே, பி, ஓ. ஜம்மு காஷ்மீர் போஸ்ட் ஆபீஸா? தளத்தில் போட்டால் ஒரே ஒரு சொல்தான் தேறுகிறது. ஜாக்பாட்!

"ஜாக்பாட்டா பூரணம்? லாட்டரியை ஒழிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

அவள் அழுதாள். சத்தமில்லாமல் கண்ணீர் மட்டும் வந்தது. அதனால் இன்னும் கோபமாகக் கத்தினேன். நான் இப்படித்தான். நாற்பத்தொரு வருஷமாக அவளுக்கும் தெரியும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. kfs; என்று தட்டினாள். கே, எஃப், எஸ். ப்ரேக்ஃபாஸ்ட் என்று பார்த்ததும் கண்டுபிடித்தேன். சூடாக நாலு இட்லி வைத்தேன். தொடவில்லை. மத்தியானம் எழில் போன் பண்ணியபோதுதான் முகம் தெளிந்தது. போனைக் காதிலிருந்து எடுக்கவே விடவில்லை.

எழில் பிறகு என்னிடம் பேசினாள். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சிகிச்சை மையம் இருக்கிறதாம். வாரம் ஒரு நாள் இல்லை, தினமும் பயிற்சியாம். பத்தாம் தேதி வந்து அம்மாவைக் கூட்டிப்போகிறேன் என்றாள்.

"இங்க என்ன கொறச்சல்?" என்றேன்.

"கொறச்சல்னு சொல்லலப்பா. அம்மாகிட்ட கேளுங்க. எங்க இருக்கணும்னு அவங்க சொல்லட்டும். நீங்க அவங்களுக்காகச் சொல்லாதீங்க."

நான் எப்போது அவளுக்காகச் சொன்னேன்?

நவம்பர் 4, திங்கள்

மூன்று நாள் தள்ளிப்போட்டு இன்று கேட்டேன். இந்த வீட்டில் இவள் இல்லாமல் நான் ஒரு நாள் இருந்ததில்லை. ஆஸ்பத்திரி நாட்களில்கூட வராந்தாவில்தான் படுத்தேன். அவள் போய்விட்டால் யாரைக் கத்துவது என்றே தெரியாது. இதை அவளிடம் சொல்லவில்லை. "எங்க இருக்கணும்னு நெனைக்கற? நீயே சொல்லு" என்று மட்டும் கேட்டேன்.

'ஆமாம், இல்லை' என்று தலையாட்டவைத்துக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் அவளே சொல்ல வேண்டும் என்றல்லவா எழில் சொன்னாள்? தட்டுவதுதானே இப்போது அவளுக்கு வாய்.

யோசிக்கவே இல்லை. GNd என்று தட்டினாள்.

ஜி, என், டி. பெரிய பட்டியல். என்டிங், டேஞ்சர் இரண்டையும் நோயாளியிடம் வாசிக்கக்கூடாது என்று தள்ளினேன். இங்கிலாந்து, கிரவுண்டு, வெட்டிங் பொருந்தவில்லை. கார்டன் என்று இருந்தது. தோட்டம்!

"தோட்டமா பூரணம்? நம்ம செடிகளைப் பாத்துக்கிட்டு இங்கயே இருக்கேங்கறயா?"

தலையை ஆட்டினாள். ஆமாம் என்பது போலவும் இருந்தது. இன்னொரு தடவை கேட்டேன். களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.

நவம்பர் 5

எழிலிடம் சொல்லிவிட்டேன். "அம்மாவே சொன்னாங்கன்னா சரிப்பா" என்றாள். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள். சாயங்காலம் நர்சரிக்குப் போய் இரண்டு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை வாங்கிவந்து, நாற்காலியைக் கொல்லையில் போட்டு அவளை உட்காரவைத்தேன். செடிகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொசுக்கடி வேறு.

நவம்பர் 9

கீபோர்டைத் தள்ளிவிடுகிறாள். நாலு நாளாக ஓர் எழுத்து இல்லை. செய்வதையெல்லாம் செய்கிறேன். இதற்குமேல் என்னதான் செய்ய வேண்டும் என்று இந்த மனுஷி எதிர்பார்க்கிறாள்?

நவம்பர் 12, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன்.

மெகருன்னிசா வந்திருந்தாள். பூரணத்தோடு தாலுகா ஆபீசில் பக்கத்து மேசையில் இருந்தவள். இப்போது மதுரையில் இருக்கிறாள், விஷயம் போன வாரம்தான் தெரிந்ததாம். பூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, மேசையில் கிடந்த இந்த நோட்டைச் சும்மா புரட்டினாள்.

"என்ன சார் இது, அக்கா மழைன்னு அடிச்சிருக்காங்க, நீங்க பக்கத்துல லுக்கிங், குக்கிங்னு எழுதி வச்சிருக்கீங்க?"

"எங்க மழை?"

"இந்தா, kio. தமிழ் மெஷின்ல கே இருக்கற எடத்துல 'ம', ஓ இருக்கற எடத்துல 'ழ'. நடுவுல ஐ இருக்கற எடத்துல 'ழை'க்கு முன்னாடி போடற கொம்பு. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வந்த புதுசுல, தமிழ் ஃபாண்ட் இல்லாத மெஷின்ல எங்க ஃபைலைத் தொறந்தா இப்படித்தான் வெறும் இங்கிலீஷாத் தெரியும். பாத்துப் பாத்து அப்படியே படிக்கப் பழகிட்டோம்."

விரலை வைத்து வாசித்துக்கொண்டே போனாள். fhgp, காபி. fjT, கதவு. எழுத்தைப் பெரிதாக்கினால் உகரமாம், 'வ' இருக்கும் இடத்தில் 'வு'. அடுத்ததைப் பார்த்ததும் முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"சார், தமிழ்னு சொல்லியிருக்காங்க. ஏழு தடவை சொல்லியிருக்காங்க."

"அந்தச் செமிகோலன்?"

"அதான் சார் புள்ளி. அது இல்லாம மெய்யெழுத்து ஏது?"

இருபத்தொன்பது வருஷம் பூரணம் தமிழ் டைப்பிஸ்ட். எனக்குத் தெரியும். தெரியாதென்று யாரும் சொல்ல முடியாது. தோன்றவில்லை. அவள் ஆபீசில் என்ன அடித்தாள், எப்படி அடித்தாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. யாராவது விசாரித்தால் "ரெவின்யூல இருக்கா" என்று முடித்துக்கொள்வேன். டைப்பிஸ்ட் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் குறைச்சலாக இருந்தது. எழுதியாயிற்று.

தீபாவளிப் பக்கத்தில் 'மகள்' என்று வாசித்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனாள். "இருங்கம்மா, காபி போட்டுட்டு வர்றேன்" என்று எழுந்தேன். நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

பூரணம் ஒரு டம்ளர் காபியை ஆறவைக்காமல் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். கேட்டாள் என்றுதான் எழுதுகிறேன். fhgp என்று தட்டினாள், நான் கொண்டுவந்தேன். மெகருன்னிசா கிளம்பும்போது ஒரு தாளில் எந்த எழுத்து எங்கே என்று கட்டம் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 13, புதன்

கட்டத்தை வைத்துப் பார்த்தேன். பெரிய ஜி, 'பு'. பெரிய என், இரட்டைக்கொம்பு. சின்ன டி, 'ன'.

புனே.

நவம்பர் 14

செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

நவம்பர் 15

ஜெனிட்டா வந்தாள். எல்லாம் தமிழ் என்று சொன்னேன். கைதட்டினாள். "பாத்தீங்களா சார், அம்மா சரியாத்தான் இருக்காங்க. எத்தனை வார்த்தை கெடைச்சுது?" ஐந்து என்றேன். ஆறு.

நவம்பர் 16, சனி

பூரணம் இப்போது நாள் முழுக்கத் தட்டுகிறாள். உப்பு. ஃபேன். முதுகு. வேண்டாம். சீப்பு. நான் கட்டத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் உதட்டை அசைத்து வாசிக்கிறேனாம், அவளுக்குச் சிரிப்பு வருகிறது. தப்பாக வாசித்தால் மேசையைத் தட்டுகிறாள். நான் திருத்திய ஆயிரக்கணக்கான நோட்டுகளுக்கெல்லாம் சேர்த்து என்னைத் திருத்துகிறாள்.

புனே என்று இன்னொரு தடவை தட்டவில்லை. தட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானாகச் சொல்ல வேண்டியிருக்காது. ஒரு தடவை சொல்லியாயிற்று, அதற்கு நான் செடி வாங்கிவந்து வைத்தேன். அதற்குமேல் என்ன கேட்பாள்?

நவம்பர் 18, திங்கள்

எழிலுக்குப் போன் பண்ணினேன். தப்பாகப் படித்துவிட்டேன், அம்மா கேட்டது புனே என்று சொன்னேன்.

"எப்பத் தெரிஞ்சுதுப்பா?"

இன்றைக்கு என்று சொல்ல வாய் வந்தது. "புதன்கிழமை" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து அம்மாவைக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். "உங்களுக்கும் சேத்து டிக்கெட் போடவா?" என்றாள். உங்கம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 21, வியாழன்

கேட்டேன். "நானும் வரட்டுமா?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான்கு எழுத்து தட்டினாள். gpwF. கட்டத்தைப் பார்க்காமலே வாசித்துவிட்டேன். பிறகு.

பிறகு என்றால்? அடுத்த வாரமா, அடுத்த வருஷமா? இரண்டு மாதமாகக் குளிப்பாட்டி, தலை வாரி, கஞ்சி காய்ச்சி, துணி அலசி, இந்த மனுஷனுக்குக் கிடைத்த பதில் 'பிறகு'. கோபத்தில் குக்கரை விசில் வராமலே இறக்கிவிட்டேன். சோறு பாதி அரிசியாக இருந்தது. அவள் அதையும் சாப்பிட்டாள்.

நவம்பர் 22, வெள்ளி

அவளுடைய புடவைகளை எடுத்துவைத்தேன். ஒன்பது புடவை. எதற்கு எந்த ரவிக்கை என்று தெரியாமல் திட்டு வாங்கினேன். 'முட்டாள்' என்பதை அவ்வளவு வேகமாகத் தட்டுவாள் என்று எனக்குத் தெரியாது.

பெட்டியை மூடும்போது 'பிறகு' புரிந்ததுபோல் இருந்தது. பதினொன்றரை மணியைச் சுமந்துகொண்டு நான் அங்கே போய் எழிலின் முகத்தில் எப்படி விழிப்பேன்? நோட்டில் நானே பதினொன்று என்று குறைத்து எழுதியிருக்கிறேன். பத்து என்றும் எழுதியிருக்கலாம்.

நவம்பர் 23, சனி

காலை காபி குடித்து முடித்ததும் கீபோர்டை அவள் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"பூரணம், டாக்டர்கிட்டயும் எழில்கிட்டயும் பதினொண்ணரைன்னு சொன்னேன். அது பொய். அன்னைக்கு ஒம்பது மணிக்கே கை மரத்துப்போச்சுன்னு நீ சொன்ன. நான் பேப்பர்லேருந்து தலையைத் தூக்கல. குறுக்கெழுத்துல இன்னும் ரெண்டு வார்த்தைதான் பாக்கின்னேன். படுத்து எந்திரிச்சா சரியாயிடும்னேன். நீ இன்னொரு தடவை வந்து நின்ன. அப்பவும் நான் பாக்கல. சொம்பு விழுந்தப்பதான் பாத்தேன். எழிலுக்கு நேத்து ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் எழுதி அனுப்பிட்டேன். இன்னும் பதில் வரல. நீ பேசிக்கிட்டிருந்த வரைக்கும் நான் கேக்கல. பேச்சு போனதுக்கப்புறம் வார்த்தை தேடறேன்னு போனை வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். என்மேல தப்பு பூரணம். வயசாச்சு, காது மந்தம், அதெல்லாம் காரணம் இல்ல. நான் என்ன நெனைக்கறேன்னா, முதல்லேருந்தே எனக்கு..."

நான் இன்னும் பேசியிருப்பேன். ஆரம்பித்தால் மணி அடிக்கும்வரை நிறுத்தாத வாய் இது. அவள் தட்ட ஆரம்பித்தாள். திரையைப் பார்த்தேன்.

NghJk;

போதும்.

மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமா, வாயை மூடு என்று அர்த்தமா? சாதம் போடும்போதும் அவள் இதைத்தான் சொல்வாள். நான் யாரிடமாவது பேச ஆரம்பித்து நீட்டிக்கொண்டே போனாலும் பக்கத்து அறையிலிருந்து இதைத்தான் சொல்வாள். இரண்டில் எது என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் கீபோர்டின்மேல் கையை அப்படியே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.